காதில் விழுந்ததை மட்டும்

கச்சேரியில் மங்களம் பாடி முடித்ததும் கூட்டம் மொத்தமாகக் கேன்டீன் பக்கம் திரும்பும். அந்த அம்மா மட்டும் எதிர்த்திசையில், "கொஞ்சம் வழி, கொஞ்சம் வழி" என்று முழங்கையால் ஆட்களை விலக்கிக்கொண்டு, கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் என் மேசைக்கு வருவார். நான் மைக்செட்காரன். மயிலாப்பூர், தி.நகர், அடையாறு என்று சபாவுக்கும் பள்ளிக்கூட ஹாலுக்கும் கல்யாண மண்டபத்துக்கும் முப்பது வருடமாக ஒலி அமைத்துக் கொடுக்கிறவன். மேடையில் இருக்கும் ஒவ்வொரு மைக்குக்கும் என் மிக்ஸரில் ஒரு வரிசைப் பச்சை விளக்கு உண்டு. அவர் அந்த விளக்குகளைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். கையில் இருக்கும் அழைப்பிதழின் பின்பக்கத்தைப் பார்ப்பார். குறிப்பெல்லாம் அதில்தான் கிறுக்கியிருப்பார்.

"பாய், என் காதுல இது விழுந்துது. உங்க காதுல என்ன விழுந்துது?"

நான் சொல்வேன். ஒத்துப்போனால் ஒரு டிக் போடுவார். ஒத்துப்போகாவிட்டால் அந்த வரியை அடித்துவிடுவார். சபாவில் இருக்கிற பண்டிதர்களை எல்லாம் விட்டுவிட்டு, ஷட்ஜம் எது ரிஷபம் எது என்று புத்தகத்தில் படிக்காத என்னிடம் ஏன் கேட்கிறார் என்று ஒருநாள் கேட்டேன். "அவங்க எல்லாம் என்ன விழுந்திருக்கணும்னு சொல்வாங்க. நீங்க என்ன விழுந்துதுன்னு சொல்வீங்க" என்றார். எனக்கு அன்று முழுவதும் கால் தரையில் பாவவில்லை.

எங்கள் பகுதியில் சனிக்கிழமை தோறும் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போகும் இலவச வாரப் பத்திரிகை ஒன்று உண்டு. டியூஷன், மெஸ் சாப்பாடு, வீட்டுக்கே வந்து ரத்தப் பரிசோதனை, இவற்றுக்கு நடுவில் அரைப் பக்கம் அவருடையது. கச்சேரி, நாடகம், ஓவியக் கண்காட்சி, கோலப் போட்டி, பள்ளி ஆண்டு விழா, எது நடந்தாலும் அந்த அரைப் பக்கத்தில் வரும். பெரிய பத்திரிகைகள் எட்டிப் பார்க்காத கலைஞர்களுக்கு அந்த அரைப் பக்கம்தான் கதி. திடீரென்று அவர் ஏன் எழுதுவதை நிறுத்தினார் என்று ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். பத்திரிகை முதலாளியோடு சண்டை என்கிறார்கள், வயசாகிவிட்டது என்கிறார்கள். எனக்குத் தெரியும். என்னால்தான் நிறுத்தினார்.

அவரிடம் ஒரே ஒரு குணம்தான். மற்றதெல்லாம் அதன் கிளைகள். தன் கண்ணில் படாததை, தன் காதில் விழாததை எழுதமாட்டார். கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கும். டிசம்பரில் ஒரே நாளில் ஐந்து கச்சேரி விமர்சனம் எழுதுகிறவர்களைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு அபூர்வம் என்று புரியும்.

நிகழ்ச்சி நடத்துகிறவர்கள் முதல் நாளே செய்திக்குறிப்பு தயார் செய்து அனுப்பிவிடுவார்கள். 'விழா இனிதே நடைபெற்றது, அவையோர் மெய்ம்மறந்தனர்' என்று அதில் இருக்கும். அவர் அதை என் மேசையில் விரித்து வைத்துச் சிரிப்பார். "பாருங்க பாய், நாளைக்கு நடக்கப்போறது இனிதே நடந்து முடிஞ்சுடுச்சாம். நாம வீட்டுக்குப் போகலாமா?"

லஸ்ஸில் மெட்ரோவுக்காகத் தகரம் அடைத்த சமயம். கோட்டூர்புரத்திலிருந்து வந்த பஸ் நெரிசலில் மாட்டிக்கொண்டு, ஒரு இளம்பெண்ணின் கச்சேரிக்கு இருபது நிமிடம் தாமதமாக வந்தார். அந்த வாரம் அரைப் பக்கத்தின் முதல் வரி இப்படி இருந்தது: 'முதல் இருபது நிமிடம் நான் அங்கே இல்லை. அதில் என்ன பாடினார் என்று எனக்குத் தெரியாது.' அந்தப் பெண்ணின் அம்மா சபாவுக்கே வந்து சண்டை போட்டார். அன்றைக்கு முதலில் பாடிய வர்ணம்தான் பிரமாதமாம், அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தளர்ந்துவிட்டதாம். அந்த அம்மாள் சொன்னது உண்மை. நானே கேட்டேன். "நான் கேட்டேன் மேடம், வர்ணம் நல்லா இருந்துச்சு. நம்பி எழுதுங்க" என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

"அது நீங்க கேட்ட கச்சேரி பாய். நீங்க எழுதுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. அந்தப் பெண் பாவம். ஒரு வரி நல்லதாக வந்திருந்தால் அடுத்த வருடம் இன்னொரு சபா கூப்பிட்டிருக்கும். நேர்மை என்பது சில சமயம் அடுத்தவர் வயிற்றில் அடிக்கிறது என்று அன்றைக்குத் தோன்றியது. இப்போதும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அதே குணம் சிரிக்கவும் வைக்கும். ஈக்காட்டுத்தாங்கலில் லேத் பட்டறைத் தொழிலாளர்கள் வருடத்துக்கு ஒருமுறை நாடகம் போடுவார்கள். ஒரு வருடம் அது ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. இவருக்குக் கிடைத்த இடம் தூணுக்குப் பின்னால். இரண்டாம் காட்சியில் தகப்பன் பாத்திரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாக வேண்டும். 'தூண் மறைத்ததால் தகப்பன் செத்ததைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. சத்தத்தை வைத்துச் சொன்னால், நன்றாகச் செத்தார்' என்று எழுதியிருந்தார். அந்த நடிகர் பகலில் கடைசல் வேலை செய்கிறவர். அந்தத் துண்டை வெட்டி லேமினேட் செய்து பட்டறையில் மாட்டியிருக்கிறார். அடுத்த வருடத்திலிருந்து மண்டபத்தில் தூண் மறைக்காத ஒரு நாற்காலி இவருக்காகக் காலியாக இருந்தது.

ஊரூர் ஆல்காட் குப்பத்தில் ஒரு சாயங்காலம் பெண்கள் பாடினார்கள். நான்கு மைக், இரண்டு ஸ்பீக்கர், மிச்சமெல்லாம் கடல். அதில் முன்னால் நின்று பாடியவர் மீன் விற்கிற அம்மா. நல்ல கனத்த குரல். பாடுவதற்கு முன்னால் நம் ஆளைப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா மேடம், எங்க பாட்டெல்லாம் பேப்பர்ல எய்துவியா?"

"கேட்டா எழுதுவேன்."

"அப்போ குந்து."

மணலில் உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். அந்த வாரம் 'அலைச் சத்தத்தில் மூன்றாவது பாட்டின் சொற்கள் எனக்குப் பிடிபடவில்லை' என்று எழுதினார். அடுத்த வாரம் அவர் அந்தப் பக்கம் போனபோது மீன்கார அம்மா பிடித்துக்கொண்டாராம். "பிரியலன்னா கேக்க வேண்டியதுதானே? வாய் எதுக்கு கீது உனுக்கு?" என்று திட்டிவிட்டு, மீனை எடை போட்டுக்கொண்டே மூன்றாவது பாட்டை முழுசாகப் பாடினாராம். அந்தப் பாட்டைப் பற்றித் தனியாக எட்டு வரி வந்தது. மீன்கடை வாசலில் கேட்டது என்ற குறிப்போடு.

பொன்னாடை போர்த்தினால் நாற்காலியிலேயே மடித்து வைத்துவிட்டுப் போய்விடுவார். மேடைக்குக் கூப்பிட்டால் போகமாட்டார். அக்காவோடு கோட்டூர்புரத்தில் இரண்டு அறை வீடு. கல்யாணம் செய்துகொண்டாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. எங்களுக்குள் பேச்செல்லாம் காதில் விழுந்ததைப் பற்றித்தான்.

அந்தக் காதில்தான் கோளாறு வந்தது.

முதலில் கவனித்தது நான்தான். கேட்பதுதானே என் தொழில். நாடகத்தில் எல்லோரும் சிரித்து முடித்த பிறகு, பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு இவர் சிரித்தார். போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினார். மேடையில் அறிவிப்பு முடிந்ததும் என் பக்கம் திரும்பி, என்ன என்று புருவத்தால் கேட்டார். அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் கச்சேரி கேட்கிறார்கள், அதில் ஒன்றும் வெட்கம் இல்லை. ஆனால் அந்தக் காதையே நம்பி வாழ்கிற ஒருவரிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அதற்குப் பதிலாக ஒரு வேலை செய்தேன். அவர் எப்போதும் உட்காருவது மூன்றாவது வரிசை ஓரம். அந்த ஓரத்துக்கு ஒரு சின்ன ஸ்பீக்கரைத் திருப்பி வைத்து, அதை மட்டும் தனியாக ஏற்றிவிட்டேன்.

சபா செயலாளர் ஓடி வந்தார். "என்ன பாய், அந்த மூலையில மட்டும் காது கிழியறது? எங்காத்து மாமி பஞ்சு வெச்சுண்டு உக்காந்திருக்கா!"

"ஹால் அமைப்பு அப்படி சார். எதிரொலி" என்றேன்.

போன இடமெல்லாம் எதிரொலி என்றே சொன்னேன். மாதங்கள் போகப் போக அந்த மூலையில் சத்தம் ஏறிக்கொண்டே போனது. அவர் எழுதியதும் பழையபடியே நன்றாக வந்துகொண்டிருந்தது. எனக்கு உள்ளூரப் பெருமை. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்கிறோம் என்ற பெருமை. அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

அந்த மார்கழியில் ஒரு பெரிய வித்வானின் கச்சேரி. வயலினுக்கு நங்கநல்லூரிலிருந்து வரும் ஒரு பெண்மணி, நாற்பது வயதிருக்கும், பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். இருபது வருடமாக மத்தியானக் கச்சேரிகளில் வாசித்துக்கொண்டிருந்தவருக்கு, சாயங்காலக் கச்சேரியில் பெரிய ஆளோடு உட்கார அதுதான் முதல் வாய்ப்பு. வித்வானுக்கு அன்று தொண்டை கட்டியிருந்தது. எப்படியோ சமாளித்துக்கொண்டு வந்தார். பிரதானப் பாட்டில் மேல் ஷட்ஜம், அதாவது குரல் ஏறிப்போய் நிற்க வேண்டிய உச்சி, வந்தது. அவர் கண்ணை மூடினார், வாயைத் திறந்தார், கையை மேலே உயர்த்தினார். குரல் வரவில்லை. அவருடைய மைக்குக்கு உரிய விளக்கு ஒன்றுகூட எழவில்லை. அதே நொடியில் வயலின் விளக்குகள் மேலே ஏறின. அந்தப் பெண்மணி அந்தச் சுரத்தைத் தன் வில்லில் வாங்கி, அசையாமல் நிறுத்தி, அவர் கை கீழே இறங்கும்வரை தாங்கிப் பிடித்தார். கை தட்டல் ஹாலை நிறைத்தது. முன்வரிசைக்காரர்கள் சிலருக்குத் தெரிந்திருக்கும். தெரிந்தாலும் பெரிய வித்வான் விஷயம், வெளியில் சொல்லமாட்டார்கள்.

மங்களம் முடிந்தது. கையில் அழைப்பிதழோடு மேடம் என் மேசைக்கு வந்தார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது.

"பாய், மேல் ஷட்ஜத்துல போய் அப்படியே நின்னாரே! இந்த வயசுல, அந்தக் குரல்! என் காதுல விழுந்துது. உங்க காதுல?"

அந்தப் பாட்டை அவர் நூறு முறையாவது கேட்டிருப்பார். வித்வானின் இளமைக் குரலையும் கேட்டிருப்பார். வாய் திறந்ததைப் பார்த்ததும், உள்ளே இருந்த பழைய குரல் எழுந்து பாடிவிட்டது. கேட்டுக் கேட்டு ஊறிப்போன ரசிகர்களுக்குத்தான் இந்தத் தவறு வரும், என்னைப் போன்றவனுக்கு வராது.

"விழுந்துச்சு மேடம்" என்றேன்.

அவர் ஒரு டிக் போட்டார்.

சனிக்கிழமை பத்திரிகை வந்தது. குரல் உச்சியில் நின்றதைப் பற்றி ஒரு முழுப் பத்தி. கடைசியில் ஒரு வரி: 'வயலின் அடக்கமாக உடன் வந்தது.'

ஞாயிறு காலை வயலின் அம்மா போன் செய்தார்.

"பாய், பேப்பர் படிச்சேளா?"

"படிச்சேம்மா."

"அந்த ஷட்ஜம் யாரோடதுன்னு உங்களுக்குத் தெரியுமோல்லியோ?"

"தெரியும்."

"போறும். நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. சொன்னா அடுத்தாப்ல என்னை யாரும் கூப்பிடமாட்டா. அந்த மாமி எழுதினா பொய் இருக்காதுன்னு எல்லாரும் சொல்லுவா. படிச்சதும், ஒருவேளை நான்தான் வாசிக்கலையோன்னு எனக்கே ஒரு நிமிஷம் ஆயிடுத்து. அதான் உங்களைக் கேட்டேன்." குரல் உடையவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

திங்கள்கிழமை காலை லேப்டாப்பையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு கோட்டூர்புரம் போனேன். ஆற்றுப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்திவிட்டு, திரும்பிவிடலாமா என்று யோசித்தேன். போனேன். அக்கா டீ கொடுத்துவிட்டு உள்ளே போனார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கையை நீட்டி ஹெட்போனை வாங்கிக்கொண்டார். என் பதிவில் ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாக இருக்கும். முதலில் பாட்டு மைக்கை மட்டும் போட்டேன். மூச்சுச் சத்தம், தூரத்தில் எங்கோ வயலின். பிறகு வயலினை மட்டும் போட்டேன். அந்தச் சுரம் கம்பீரமாக நின்றது. பிறகு இரண்டையும் சேர்த்துப் போட்டேன்.

"இப்பகூட அவர் பாடற மாதிரிதான் கேக்குது பாய்" என்றார்.

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "அன்னைக்கு உங்க காதுல விழுந்துதா, இல்லையா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் ஏன் விழுந்துதுன்னு சொன்னீங்க?"

"உங்க மொகத்தைப் பாத்தேன் மேடம். மனசு வரல."

"உங்க மனசையா கேட்டேன்?" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை.

ஸ்பீக்கரைப் பற்றியும் சொல்லிவிட்டேன். ஒன்றரை வருடமாக என்றேன். அவர் ஆடை கட்டிய டீயைத் தள்ளி வைத்தார். பிறகு ஒரு பழைய அழைப்பிதழை எடுத்து அதன் பின்பக்கத்தில் எழுதினார். 'சென்ற வாரம் நான் பாராட்டிய மேல் ஷட்ஜம் வயலினுடையது. குரல் ஓய்ந்த இடத்தில் அவர் அதை ஏந்திக்கொண்டார். என் காதில் விழாததை விழுந்ததாக எழுதினேன். இனி இந்தப் பகுதியை நான் எழுதுவது சரியாக இருக்காது.' என்னைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அது அப்படியே அச்சாகி வந்தது. வித்வான் கோபித்துக்கொண்டு அடுத்த வருடம் எங்கள் சபாவுக்குத் தேதி கொடுக்கவில்லை. வயலின் அம்மாவை அவர் மறுபடி கூப்பிடவே இல்லை. வேறு இரண்டு பேர் கூப்பிட்டார்கள். அரைப் பக்கத்தை இப்போது ஒரு பல் ஆஸ்பத்திரி விளம்பரம் நிரப்புகிறது. அவர் அக்காவோடு பெங்களூரில், அக்கா மகள் வீட்டில் இருப்பதாகக் கேள்வி.

அந்தத் திங்கள்கிழமை காலையில் இன்னும் ஒன்று நடந்தது. அதை யாரிடமும் நான் சொன்னதில்லை.

எழுதி முடித்ததும் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து வந்தார். ஒன்றரை வருடத்து அரைப் பக்கங்கள், தேதி வாரியாக வெட்டி ஒட்டியவை. மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு முதல் பக்கத்தைத் திறந்தார். ஒரு வீணைக் கச்சேரி. "இதுல தந்தி அறுந்த இடத்தைப் பத்தி எழுதியிருக்கேன். நடந்துதா?"

"நடந்துச்சு மேடம்."

பக்கத்தைத் திருப்பினார். "இந்த நாடகம். கடைசிக் காட்சியில அந்தப் பொண்ணு குரல் நடுங்கினதுன்னு."

"நடுங்கிச்சு. நல்லா நடிச்சுச்சு."

இன்னொன்று. இன்னுமொன்று. நான் வராத நிகழ்ச்சிக்கு வரவில்லை என்றேன். மற்றவற்றுக்கு நினைவைத் தோண்டி, ஒவ்வொன்றையும் நிஜமாக யோசித்துத்தான் பதில் சொன்னேன். எல்லாமே சரியாக இருந்தன. அவர் எழுதியதில் வேறு ஒரு தவறுகூட இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவருக்கும் இருக்கும் என்று நினைத்து நிமிர்ந்து பார்த்தேன். அவர் ஃபைலைப் பார்க்கவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"எல்லாம் சரிதான் மேடம்" என்றேன். "சத்தியமா. எல்லாம் நீங்க கேட்டதுதான்."

அவர் ஃபைலை மூடினார்.

"அன்னைக்கும் இதே முகத்தோடதான் சொன்னீங்க, பாய்."